பூரணத்திடம் கேட்க ஒரு சொல்

அரை மணிநேரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா வார்டுக்குள் போய்விட்டாள். வயசு இருபத்தெட்டுக்கு மேல் இருக்காது, ஆனாலும் அவள் சொன்ன தோரணையில் அந்த முப்பது நிமிஷமும் ஒவ்வொன்றாக எழுந்து வைகுண்டத்தின் முன்னால் வரிசை கட்டி நின்ற மாதிரி இருந்தது. பெண்கள் வார்டு, ஆம்பிளைகளுக்கு வெளியேதான் இடம். பெரியாஸ்பத்திரி வராந்தாவின் சிமெண்டு பெஞ்சில், பினாயில் வாடையும் யாரோ பிரித்த இட்லிப் பொட்டலத்தின் வாடையும் கட்டிப் புரளும் காலை எட்டரை மணியில், எழுபத்துநாலு வயசு உடம்பை மூன்றாய் மடித்து உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பெண்சாதி பூரணம். நேராக இந்த முதுகுக்குப் பின்னால்தான் கட்டில், நடுவில் ஒரு முழச் சுவர், அவ்வளவுதான். நாற்பது வருஷமாக இதைவிட எட்டத்தில் நின்று அவளிடம் கேள்வி கேட்டவர் இவர். பொருட்காட்சியில் கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம், எள்ளைப் போட்டால் கீழே விழாது, யார் தலையிலாவது உட்கார்ந்து அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிடும். கடைசி வரிசையில் இவர், புரொபசர் வைகுண்டம். மேடையில் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, மிஸ் பூர்ணிமா என்ற பெயரில் பூரணம். பதில் ஒரு நொடியில் வரும். இப்போது அவள் கண்ணில் துணி இல்லை, நடுவில் கூட்டம் இல்லை, கேட்க வேண்டியதும் ஒரே ஒரு கேள்விதான். காலை எடுக்கலாமா, வேண்டாமா.

மூன்று வாரத்துக்கு முன் வாதம் அடித்து வாய் போனது, கூடவே வலது கை. போனது போகட்டும் என்றிருந்தால் சர்க்கரைக் கால், செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண், பெருவிரலைக் கறுப்பாக்கி, பாதத்தைக் கறுப்பாக்கி, இப்போது கெண்டைக்காலில் ஏறி நின்றுகொண்டு மேலே வழி கேட்கிறது. "முழங்காலுக்கு மேல எடுக்கணும் தாத்தா. எடுத்தா பிழைக்க வாய்ப்பு இருக்கு. இல்லேன்னா நாலஞ்சு நாள், அதுவும் நல்லபடியா இருக்காது. ஆனா பாட்டிக்கு நினைவு தெளிவா இருக்கு, அவங்க சம்மதிக்கணும். நாங்க கேட்டா கூரையைப் பார்க்கறாங்க. உங்க குரலுக்கு மட்டும்தான் தலை அசையுது, நீங்களே கேளுங்க" என்று டாக்டரம்மா காலையில் இவரை உள்ளே விட்டாள். போய் நின்று, குனிந்து, "சொல்லு பூரணம், காலை எடுத்துரலாமா?" என்று கேட்டார். தலை மேலும் கீழும் அசைந்தது. ஆமாம். டாக்டரம்மா பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டாள். அத்தோடு விட்டிருக்க வேண்டும். கால் அல்லவா, கத்தரிக்காயா, இன்னொரு தரம் கேட்போமே என்று, "நல்லா யோசிச்சுச் சொல்லு பூரணம், காலை எடுத்துரலாமா?" என்றார். தலை இடமும் வலமும் அசைந்தது. வேண்டாம். டாக்டரம்மா பேனாவை மூடினாள். குழப்பத்தில் இருக்கிறார்கள் போல, அரை மணி கழித்துக் கேட்போம், பத்து மணிக்கு ஆபரேஷன் தியேட்டர், அதற்குள் தெரிய வேண்டும் என்றாள். குழப்பமா? பூரணத்துக்கா? இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் வைகுண்டத்துக்கு உறைத்தது. அவள் குழம்பவில்லை. ஒரு எழுத்துப் பிசகாமல் சரியாகச் சொல்லியிருக்கிறாள். 'சொல்லு' என்று தொடங்கினால் ஆமாம். 'யோசிச்சு' என்று வந்தால் இல்லை. அவர் கற்றுக்கொடுத்ததுதானே.

மந்திரமும் இல்லை மாயமும் இல்லை, அதைத்தான் தொழிலில் குறி என்பார்கள். பார்வையாளன் நீட்டும் சாமானை வாங்கிக்கொண்டு 'என்ன இது' என்று கேட்டால் கைக்கடிகாரம், 'இது என்ன' என்றால் மோதிரம், 'சீக்கிரம்' என்றால் பேனா, ஒரு கனைப்பு மூக்குக்கண்ணாடி, இரண்டு கனைப்பு பொடிமட்டை. சனங்கள் சாமானோடு நிற்கிறார்களா, வருவதையும் கேட்பார்கள், மகளுக்கு அமையுமா, மகன் பாஸாவானா, அதற்குத்தான் இந்த 'சொல்லு'வும் 'யோசிச்சு'ம். அவள் பெயரைக் கேள்விக்கு முன்னால் வைத்தால் ஒன்று, பின்னால் வைத்தால் ஒன்று. சும்மா நின்றால் அதற்கும் ஒரு அர்த்தம். முதல் மூன்று வருஷம் காலையில் பல் விளக்கும்போதிலிருந்து இதே பாடம், கல்யாணமான புதிசில் மற்றவர்கள் வேறு பேசுவார்கள், இவர்கள் கனைத்துக்கொண்டிருந்தார்கள். பெற்ற தாயானாலும் குறியை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் சத்தியம். அதனால் வெளியே சொல்ல வேறு கதை வேண்டியிருந்தது, கதைக்கா பஞ்சம். ஒரு ஊரில், பொதிகை மலைக் குகையில் ஒரு சித்தர் இவர்கள் இருவர் நாக்கையும் ஒரே தர்ப்பைப் புல்லால் தொட்டதாகச் சொல்லுவார். அடுத்த ஊரில், இருவரையும் ஒரே பாம்பு ஒரே நேரத்தில் கடித்ததாக, பாம்புதான் செத்ததாக. "டெலிபதி என்றால் என்ன பெரியோர்களே, பதி நினைப்பான், பத்தினி சொல்லுவாள், அதுதான் டெலிபதி!" கைதட்டல் பறக்கும். ஒருமுறை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஆட்டம் முடிந்து வந்து, அப்படி இல்லை ஐயா, அது கிரேக்க வார்த்தை, தூரத்தில் இருக்கிறவனின் நோவு இங்கே தெரிவது என்று அர்த்தம் என்றார். நோவு என்று போஸ்டர் அடித்தால் எவன் சார் டிக்கெட் வாங்குவான் என்று கேட்டுச் சிரித்து அனுப்பினார். தூரத்து நோவு. ஒரு முழச் சுவருக்கு அந்தப் பக்கம் கெண்டைக்கால் எரிந்துகொண்டிருக்கிறது, முதுகைச் சுவரில் சாய்த்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, சிமெண்டு சில்லென்று இருந்தது.

"அத்தான், டீ." மச்சினன் சொரிமுத்து, பூரணத்தின் தம்பி, மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்ந்தவன், கையில் இரண்டு காகிதக் குவளையோடு வந்து நின்றான். "என்ன இன்னும் உக்காந்தே இருக்கிய? அக்கா என்ன சொல்லுதா?" ஒன்றும் சொல்லவில்லை என்றார். "வாயைத் தொறந்து கேட்டா எப்படிச் சொல்லுவா? பழையபடி மனசால கேளுங்க. நான் டாக்டரம்மாட்டயும் சொல்லிட்டேன், எங்கத்தான் நினைச்சா போதும் எங்கக்கா சொல்லிருவான்னு. அது சிரிக்கு. சிரிக்கட்டும், நாம பாக்காததா? என் சட்டைப்பைக்குள்ள கெடந்த பஸ் டிக்கெட்டு நம்பரைச் சொன்னவள்லா அவ!" நாற்பது வருஷமாக இவன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த நம்பரைச் சொல்ல இவர் எத்தனை கனைத்தார் என்பது இவருக்குத்தான் தெரியும், அன்று தொண்டையில் புண்ணே வந்துவிட்டது. "நீ கேட்டுப் பாரேன் சொரிமுத்து." "கேக்காமலா? அக்கா அக்கான்னு காதுகிட்ட கத்தினேன், கூரையைப் பாக்கா. ஒங்க தொண்டை மட்டுந்தான் அவளுக்குக் கேக்கும். கொடுத்து வச்சவ." கொடுத்து வைத்தவள். டீ சுட்டது, நாக்கு சுட்டதா என்று பார்க்கக்கூட மனசு நிற்கவில்லை, அது கொடுத்து வைத்தவள் என்ற இடத்திலேயே முள்ளில் மாட்டிய வேட்டியாக நின்றது. ஏன் மற்ற குரல் கேட்காது? அதற்கும் காரணம் இருக்கிறது. அதை நினைக்க வேண்டாம். வேறு ஏதாவது. வேறு எதை.

வீட்டை நினைப்போம். வீட்டில் எப்படிக் கேட்பார்? சொல்லு பூரணம், புளி சரியா இருக்கா? இருக்கு. சொல்லு, சினிமாவுக்குப் போவோமா? போவோம். யோசிச்சுச் சொல்லு, ஒங்கம்மா வீட்டுக்குப் போகணுமா? வேண்டாம். எப்பேர்ப்பட்ட குடும்பம், ஒரு சண்டை கிடையாது, ஒரு மறுபேச்சு கிடையாது, ஊரில் இவர்களைக் காட்டி மருமகள்களுக்குப் புத்தி சொன்னார்கள். அவர் நினைத்ததை அவள் சொன்னாள். அவர் நினைத்ததை மட்டும் சொன்னாள். டீ ஆறிப்போய்விட்டது. அவளுக்குப் புளி பிடிக்குமா? பிடிக்கும், பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறாள், எப்போது, அவர் கேட்டபோது, எப்படிக் கேட்டார், சொல்லு என்று கேட்டார். குறியைக் கழித்துவிட்டால் அவள் வாயில் வந்த சொல் எது மிச்சம்? குளிக்கும்போது என்னவோ முனகுவாள், இவர் தலையைக் கண்டதும் நிறுத்திவிடுவாள். அந்த லாட்ஜ் அறை வந்தது. வராதே என்றார் அதனிடம். வந்தது. மாடி அறை, ஜன்னலுக்கு வெளியே பொருட்காட்சி ராட்டினம், கல்யாணமாகி ஐந்தாம் வருஷம், சீசன் பாதியில் நிற்கிறது, முன்பணம் வாங்கிய ஊர் இன்னும் ஏழு. நாள் தள்ளிப்போய் நாலாவது மாசம், மேடையில் இடுப்புத் தெரியும் சேலை, எத்தனை நாள் மறைப்பது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார், சொல்லு பூரணம், இது இப்ப வேண்டாந்தானே? ஆமா என்றாள். ஒரு நொடியில். மேடையில் சொல்கிற அதே தெளிவு, அதே குரல். இவரும் நிம்மதியாக நர்ஸம்மா ஒருத்தியைத் தேடிப் போனார். அதற்கப்புறம் அவள் வயிறு திறக்கவே இல்லை. பிள்ளை இல்லாததற்கு யாராவது வருத்தம் கேட்டால், அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்பார், அதில் பொய் இல்லை, அவள்தான் சொன்னாள். நாற்பத்தோரு வருஷமாக அதில் பொய் இல்லை என்றுதான் இருந்தார். இன்றைக்குக் காலையில், ஆமாம் என்று அசைந்த தலையும் வேண்டாம் என்று அசைந்த தலையும் ஒரே தலை என்று கண்ட பிறகு, அந்த லாட்ஜ் அறையில் 'யோசிச்சு' என்று கேள்வியைத் தொடங்கியிருந்தால் இப்போது இந்தப் பெஞ்சில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று மனசு கணக்குப் போட்டது, நாற்பது வயசு, ஆணோ பெண்ணோ, கையில் டீக் குவளையோடு.

"அத்தான், கண்ணு கலங்குதே, பேசுதாளோ அக்கா?" என்று சொரிமுத்து மெதுவாகக் கேட்டான், கோயிலில் சாமி வந்தவரிடம் கேட்கிற பணிவோடு. ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அவள் குறியை மீறினாள், அதை நினைக்கக்கூடாது என்றுதான் வீட்டுக்குப் போனார், வீடு லாட்ஜுக்குத் தள்ளியது, லாட்ஜ் திரும்ப இங்கேயே கொண்டுவந்து விட்டது. கடற்கரை ஊர் ஒன்றில் ஆட்டம். ஒரு மீன்காரப் பெண் கூட்டத்தில் எழுந்து, கடலுக்குப் போன புருஷன் பதினாறு நாளாகத் திரும்பவில்லை, வருவாரா என்று கேட்டாள். அந்த மாதிரிக் கேள்விக்கு எப்போதும் ஆமாம்தான், நாளைக்கு நாம் வேறு ஊர், சந்தோஷமாகப் போகட்டும். சொல்லு பூர்ணிமா, இந்தச் சகோதரியின் கணவர் கரைக்கு வருவாரா? மேடையில் ஒரு நொடி போனது. இரண்டு போனது. கட்டிய துணிக்குக் கீழே வாய் கோணியது. "வரமாட்டார்." கூட்டம் மூச்சை இழுத்தது, ராட்டினம்கூட நின்றுவிட்டது என்று பிற்பாடு இவர் சொல்லித் திரிந்திருக்கிறார், அது நிற்கவில்லை. அந்தப் பெண் அழவில்லை. எனக்கும் அப்படித்தான் தோணுது தாயி என்று சொல்லி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். கூடாரத்துக்குப் பின்னால் வைத்துப் பூரணத்தை அறைந்தார். குறி தப்பிவிட்டதா, காது கேட்கவில்லையா என்றார். கன்னத்தில் கை வைக்காமல் நின்றாள். "கேட்டுச்சு. நீங்க சொன்னதும் கேட்டுச்சு. அதுக்கு முன்னாலயே அந்தப் பொம்பளை நெஞ்சுல இருந்ததும் கேட்டுச்சு. ரெண்டும் ஒண்ணா இல்ல, நான் என்ன செய்ய." அவர் என்ன சொன்னார்? நன்றாக ஞாபகம் இருக்கிறது, மறந்து தொலைக்கக் கூடாதா. "ஒனக்குக் கேக்குறதையெல்லாம் மேடைக்குக் கொண்டுவராத. என் தொண்டையை மட்டும் கேளு. மத்த எல்லாத்துக்கும் செவிடா இருந்துக்க." சரி என்றாள். செவிடாக இருந்துகொண்டாள். தம்பிக்கும் டாக்டருக்கும்.

ஆனால் செவிடாக இருப்பதும் செவிடாகக் காட்டிக்கொள்வதும் ஒன்றா? அன்று கேட்டது என்றாளே. அந்தப் பெண்ணின் நெஞ்சு கேட்டது என்றால், பக்கத்தில் படுத்தவன் நெஞ்சு? சித்தர் பொய், பாம்பு பொய், எல்லாம் இவர் கட்டியது, அது மட்டும் மெய்யாக இருந்துவிட்டால்? அந்த லாட்ஜில் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே என்ன நினைத்தார் என்பது கேட்டிருக்கும். போன வாரம் வீட்டில், தன் வலுவில்லாத கையால் அவளைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்டு, மூத்திரத் துணியை வாளியில் அலசும்போது, வெறும் நினைப்புத்தான், வாயைத் திறந்துகூடச் சொல்லவில்லை, போய்ச் சேர்ந்துவிடக் கூடாதா இவள் என்று நினைத்தார். திரும்பிப் பார்த்தபோது அவள் கண் திறந்திருந்தது. வேறு நினை, உடனே வேறு நினை. பஸ் நிறுத்தங்களை நினை. மார்க்கெட், ஆர்ச்சு, பாலம், தியேட்டர் முக்கு. ஒற்றைக் காலோடு அவளைக் கக்கூசுக்குத் தூக்குவது யார்? பாலம், தியேட்டர் முக்கு, பெரிய தபாலாபீஸ். நாலஞ்சு நாள்தான் என்றாளே டாக்டரம்மா, நாலஞ்சு நாள் பல்லைக் கடித்தால். பெரிய தபாலாபீஸ், தபாலாபீஸ், அதற்கப்புறம் என்ன நிறுத்தம். சுவர் ஒரு முழம்தான். முதுகைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்து முன்னால் குனிந்துகொண்டார், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தால் ஒரு சாண் குறைவாகக் கேட்கும் என்பதுபோல.

ஒரு சொல் வேண்டும். குறி ஏறாத ஒரே ஒரு சொல் கிடைத்தால் போதும், அதை முன்னால் வைத்து நேராகக் கேட்டுவிடலாம், அவள் தலை அவளுக்காக அசையும். தேடினார். வேண்டுமா என்றால் மணிபர்ஸ். ஏ புள்ள என்றால் ஆளின் சட்டை நீலம். தயவுசெய்து என்றால் வடக்கத்தி ஆள், ஜாக்கிரதை. கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுக்க நாற்பது வருஷமாக ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக் கழுத்தில் மணி கட்டி விட்டாயிற்று, ஒன்றுகூடச் சும்மா மேயவில்லை. மன்னிச்சிரு? அதை அவளிடம் சொன்னதே இல்லை, அதனால் அதற்குக் குறி இல்லை. மன்னிச்சிரு பூரணம், காலை எடுக்கட்டுமா? நாக்கில் வைத்துப் பார்த்தார். வரும் போலத்தான் இருந்தது. ஆனால் எதற்கு என்று அவள் கண்ணால் கேட்டால்? காலுக்கா, அறைஞ்சதுக்கா, லாட்ஜுக்கா, வாளிக்கா? அதற்கு இவரல்லவா பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் டாக்டரம்மாவிடம் உள்ளதைப் போட்டு உடைக்கலாம், அம்மா, அவள் தலையை ஆட்டுவது நான், அவள் இல்லை என்று. பக்கத்தில் சொரிமுத்து நிற்பான். அப்படியென்றால் எங்கக்கா இத்தனை வருஷம் பேசியதெல்லாம் யார் அத்தான் என்று கேட்பான்.

"தாத்தா, வாங்க." டாக்டரம்மா வாசலில் நின்றாள். வைகுண்டம் எழுந்தார், முழங்கால் நெட்டி முறித்த சத்தம் அவருக்கே கேட்டது. வார்டுக்குள் தள்ளுவண்டி ஏற்கெனவே வந்துவிட்டது, பூரணத்தை அதில் மாற்றிப் பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள், துணிக்குக் கீழே இரண்டு பாதமும் இரண்டு மேடாகத் தெரிந்தன. அவள் கண் கூரையை விட்டு இறங்கி இவர் முகத்தில் வந்து நின்றது. "கேளுங்க" என்றாள் டாக்டரம்மா. வாயைத் திறந்தார். மன்னிச்சிரு உதடு வரைக்கும் வந்தது, அவள் கண்ணைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. வாளியை அலசும்போது பார்த்த அதே கண். எல்லாம் தெரிந்த கண் மாதிரியும் இருந்தது, ஒன்றும் தெரியாத கண் மாதிரியும் இருந்தது. போய்ச் சேரட்டும் என்று நினைத்தவன் இல்லை நான் என்று இவளுக்குக் காட்ட வேறு வழியில்லை என்று அவருக்குப் பட்டது, அந்த நொடியில் காலும் நினைவில் இல்லை, வலியும் நினைவில் இல்லை, தன் பெயர் மட்டும்தான் நினைவில் இருந்தது. அவளிடமிருந்து முகத்தைத் திருப்பி டாக்டரம்மாவைப் பார்த்தார். ஆயிரம் பேருக்கு முன்னால் வருமே, அந்தக் குரல் தானாக வந்தது. "எடுக்கச் சொல்லுதா."

"நீங்க எதுவும் கேட்கவே இல்லையே?"

"கேட்டாச்சும்மா."

"அவங்களுக்கு வாயெல்லாம் எதுக்கு டாக்டரம்மா, நான்தான் சொன்னேன்லா" என்று சொரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். டாக்டரம்மா இவரையும் பார்த்தாள், கடிகாரத்தையும் பார்த்தாள். "முதல்ல கேட்டப்ப ஆமான்னுதான் சொன்னாங்க. இப்பவும் அதேதானே?" "அதேதான்." காகிதத்தை நீட்டினாள். கையெழுத்து கோணாமல் விழுந்தது. பூரணத்தின் இடதுகைப் பெருவிரலை நர்ஸ் மையில் தொட்டு அதற்குப் பக்கத்தில் ஒற்றி எடுத்தாள், அந்த விரல் எதிர்க்கவும் இல்லை, உதவவும் இல்லை.

வண்டி வராந்தாவில் இறங்கியது. ஊழியர் ஒருத்தர் தலைமாட்டில் தள்ள, நர்ஸ் பக்கத்தில் நடக்க, வைகுண்டம் கால்மாட்டில் ஒரு கையைக் கம்பியில் வைத்துக்கொண்டு போனார். தரையில் ஓடு பெயர்ந்த இடங்களில் சக்கரம் தடதடத்தது. பாதி தூரத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். தலை இடமும் வலமும் அசைந்துகொண்டிருந்தது. இவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சொல் பேசவில்லை, ஒரு கனைப்புக்கூடக் கனைக்கவில்லை. கண் இவர் மேலேயே இருந்தது.

"தாத்தா, பாட்டி என்னமோ வேண்டாங்கிறாங்க போலிருக்கே?" என்றாள் நர்ஸ்.

"இல்ல சிஸ்டர்" என்றார் வைகுண்டம், "வண்டி ஆட்டத்துல தலை ஆடுது."

தியேட்டர் கதவைத் திறப்பதற்காக வண்டி நின்றது. தலை நிற்கவில்லை.